பரணில் பெட்டி வைத்திருக்கும் சேலத்து வீடுகளுக்கு

குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை, கோட்டை, மேலே ஏற்காடு வரை உள்ள வீட்டுப் பெரியவர்களுக்கு வணக்கம்.

பழைய தமிழ்ப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுகிறவன் நான். சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை வேலை. போன வருடம் குகையில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய தாத்தா நாடகம் எழுதியவர். இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய நோட்டும் புத்தகமும் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது பெட்டிகள் திண்ணையில் காலியாகக் கிடந்தன. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது எல்லாவற்றையும் எடைக்குப் போட்டிருந்தார்கள். பத்து நாள்தான் ஆகியிருந்தது. "இனிமே யாருக்குங்க அது வேணும்னு நினைச்சிட்டோம்" என்றார் பெரியவர். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. முன்பே போய் யாரும் கேட்கவில்லையே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. அதனால் இப்போது உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன்.

நம் நாட்டுச் சட்டப்படி ஒருவர் எழுதியது, அவர் மறைந்த ஆண்டு முடிந்து இன்னும் 60 ஆண்டுகளுக்கு வாரிசுகளின் உரிமை. அதன் பிறகு அது ஊருக்குச் சொந்தம். யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், மேடையேற்றலாம், இணையத்தில் வைக்கலாம். 1965இல் மறைந்தவர்களின் எழுத்து 2026 ஜனவரி 1 முதல் அப்படித்தான். தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. உரிமையை அரசே பணம் கொடுத்து வாங்கி நாட்டுடைமை ஆக்கிவிடும். 1949இல் பாரதியின் எழுத்துரிமையை வாங்கித் தொடங்கி வைத்த பழக்கம் அது.

சினிமாவுக்குக் கணக்கு வேறு. படம் வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் படக் கம்பெனியின் முகப்பு வளைவை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டேதான் போகிறோம். டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கியது. முதல் மலையாளப் பேசும் படமான 'பாலன்' அவருடைய தயாரிப்புதான். அந்த நிறுவனத்தின் 'வண்ணக்கிளி' 1959இல் வந்தது. அப்படியானால் படத்தின் உரிமைக்காலம் 2019 முடிவோடு தீர்ந்தது. ஆனால் அதே படத்துக்கு இசையமைத்த கே. வி. மகாதேவன் மறைந்தது 2001இல். மெட்டுகளுக்கான உரிமை 2061 முடியும் வரை இருக்கும். பாட்டெழுதிய அ. மருதகாசியின் படைப்புகளோ நாட்டுடைமை ஆகிவிட்டன. ஒரே பாட்டுக்குள் மூன்று கணக்கு! இதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம். அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

என் கவலை வேறு. சட்டம் ஒரு படைப்பை விடுவிக்கும் நாளில் அதன் ஒரு பிரதியாவது உயிரோடு இருக்க வேண்டாமா? பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களை அவற்றிலிருந்த வெள்ளிக்காகக் கரைத்தது நாடெங்கும் நடந்தது. கொலுசு செய்கிற ஊர்க்காரர்கள் நாம். ஒரு சுருளில் எவ்வளவு வெள்ளி தேறியிருக்கும் என்று செவ்வாய்ப்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தச் சொற்ப வெள்ளிக்காகப் போன படங்களுக்கு உரிமைக்காலம் முடிந்தால் என்ன, முடியாவிட்டால் என்ன?

புத்தகத்துக்கும் அதே கதிதான். 1918இல் எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் என்ற ஆங்கில அதிகாரி எழுதிய சேலம் கெசட்டியரை, அதாவது மாவட்ட விவர நூலை, இன்று கைப்பேசியிலேயே படிக்கலாம். வெள்ளைக்காரர் நம்மைப் பற்றி எழுதியது பத்திரமாக இருக்கிறது. நம் ஊர்ச் சின்ன அச்சகங்களில் நாமே அச்சடித்த கும்மிப் பாட்டு, மாரியம்மன் தாலாட்டு, நாடக நோட்டீஸ், ஆடிப் பண்டிகை வண்டி வேடிக்கை அறிவிப்பு, இவையெல்லாம் எங்கே? பெரிய நூலகங்கள் பலவும் அப்போது அவற்றைப் புத்தகமாகவே மதித்ததில்லை. அவை மிஞ்சியிருந்தால் உங்கள் பரணில்தான் மிஞ்சியிருக்கும்.

நான் போகிற வீடுகளில் இரண்டு பயங்களைப் பார்க்கிறேன். பொதுவில் போனால் தாத்தா பெயர் போய்விடுமோ என்பது ஒன்று. போகாது. உரிமைக்காலம் முடிந்த பிறகும் எழுதியவர் இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைச் சட்டம் தனியாகக் காக்கிறது. உண்மையில் பெட்டிக்குள் இருக்கும் வரைதான் அவர் பெயர் யாருக்கும் தெரியாமல் இருக்கிறது. இன்னொன்று, புத்தகத்தைக் கொடுத்தால் திரும்பி வராதோ என்பது. நியாயமான பயம், வாங்கிப் போனவர்கள் அப்படி நடந்திருக்கிறார்கள். அதனால் நான் எதையும் எடுத்துப்போக மாட்டேன். உங்கள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, உங்கள் கண் முன்னால் படமெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அப்புறம் ஒன்று. அச்சில் வராத கையெழுத்து நோட்டுகளுக்குச் சட்டம் வேறு. எழுதியவர் மறைந்த பிறகு முதல்முறை வெளியிட்டால், வெளியான ஆண்டு முடிந்துதான் 60 ஆண்டுக் கணக்கு தொடங்கும். ஆகவே அவற்றை என்ன செய்வது என்பது உங்கள் முடிவு. வெளியிட மனமில்லை என்றாலும் படமெடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கரையானுக்குப் போகாது.

நீங்களே செய்வதென்றால் செல்லோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். பசை ஊறித் தாள் பழுப்பேறிவிடும். அட்டை, அச்சகத்தின் பெயர், ஆண்டு உள்ள பக்கங்களை முதலில் எடுங்கள். கிழிந்திருந்தாலும் கவலையில்லை. படச்சுருள் டப்பாவைத் திறந்ததும் காடி (வினிகர்) வாடை அடித்தால், சுருள் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைப் பிரித்துப் பார்க்காமல், தெரிந்த ஆளிடம் உடனே காட்டுங்கள்.

ஆடிப் பண்டிகைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பெட்டியைக் கீழே இறக்குவீர்கள். எடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் எங்களைப் போன்ற ஒருவரைக் கூப்பிடுங்கள். பெட்டியில் ஒன்றுமே தேறாவிட்டாலும் பரவாயில்லை, வந்து பார்த்துவிட்டுப் போகிறோம்.

இப்படிக்கு,
அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகன்