செரோக்கியை ஒரு வரியில் கடந்துவிட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தனியார் சிறு விமானங்களின் வரலாறு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். செஸ்னா 172-க்கு இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள், அது அதற்குத் தகும். ஆனால் அமெரிக்காவின் பைப்பர் நிறுவனம் செய்த செரோக்கியைப் பற்றி, செஸ்னாவுக்குப் போட்டியாக வந்த தாழ்ந்த இறக்கை விமானம் என்று ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டீர்கள். விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஒரு வரி எனக்கு வருத்தமாக இருந்தது. முப்பதாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்ட ஒரு விமானக் குடும்பம் எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லாமல் அந்த வரலாறு முழுமையாகாது.

1950-களின் கடைசியில் பைப்பர் நிறுவனத்தின் நிலையை முதலில் பார்க்க வேண்டும். அதன் ட்ரை-பேசர் எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய விமானம். செஸ்னா 172 முழு உலோகத்தில் வந்த பிறகு ட்ரை-பேசர் பழையதாகத் தெரிய ஆரம்பித்தது. பைப்பரிடமும் கமாஞ்சி என்ற உலோக விமானம் இருந்தது. அழகானது, வேகமானது, ஆனால் செய்து முடிக்கச் செலவு அதிகம். அதை மலிவாக்க வழியில்லை. ஆகவே, முதல் கோட்டிலிருந்தே உற்பத்திச் செலவை மனதில் வைத்து வரைந்த விமானம் ஒன்று தேவைப்பட்டது.

அந்தப் பொறுப்பு ஃபிரெட் வைக்கிடம் வந்தது. என்ஜினைச் சுற்றி மூடும் உறையால் காற்றின் இழுவையைக் குறைக்க முடியும் என்று 1920-களில் காட்டிய என்.ஏ.சி.ஏ. (அமெரிக்க அரசின் விமான ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் அவர். 1937-இல் பறந்த எர்கூப் விமானத்தை, புதியவர் ஓட்டினாலும் சுழலில் சிக்காதபடி வடிவமைத்தவரும் அவரே. ஃப்ளோரிடாவின் வீரோ பீச்சில் பைப்பருக்காக அவர் நடத்திய வடிவமைப்பு மையத்தில், கார்ல் பெர்ஜியோடும் ஜான் தார்ப்போடும் சேர்ந்து உருவாக்கியதுதான் செரோக்கி. 1960 ஜனவரியில் முதல் பறப்பு, அதே வருடக் கடைசியில் அரசுச் சான்றிதழ், 1961-இல் விற்பனை.

அதன் இறக்கையைப் பாருங்கள். உடலை ஒட்டிய இடத்திலிருந்து முனை வரை ஒரே அகலம். பார்ப்பதற்கு மட்டையாக இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். கமாஞ்சியின் இறக்கை முனையை நோக்கிக் குறுகும். அப்படிக் குறுகினால் உள்ளே வரும் விலா ஒவ்வொன்றையும் வேறு அளவில் செய்ய வேண்டும். செரோக்கியில் பெரும்பாலும் ஒரே அச்சில் தகட்டை அழுத்தி எடுத்த விலாக்களை வரிசையாக வைத்து ரிவெட் அடித்துவிடலாம். இந்தச் சிக்கனத்தோடு பாதுகாப்பும் சேர்ந்தே கிடைத்தது. வேகம் மிகக் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும்போது, இந்த வடிவத்தில் உடலை ஒட்டிய பகுதிதான் முதலில் இழக்கும். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கவும் நிமிர்த்தவும் உதவும், முனையில் உள்ள எய்லரான்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். பயிற்சி மாணவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று பயிற்றுநர்களைக் கேட்டால் சொல்வார்கள். மெதுவாக இறங்க உதவும் இறக்கை மடலான ஃபிளாப்பை இறக்க மோட்டார் கிடையாது, இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவில் கையால் இழுக்கும் லீவர்தான். அதில் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. குறை என்றால், வலது இறக்கையின் மேல் ஏறி நுழையும் ஒரே ஒரு கதவு. மழையில் கடைசியாக ஏறுகிறவர் நனைய வேண்டியதுதான்.

அப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் விரிவாக எழுதியிருக்க வேண்டும். இந்த ஒரே கூட்டை வைத்துக்கொண்டு பைப்பர் ஒரு குடும்பத்தையே வளர்த்தது. 150, 160 குதிரைத்திறனில் ஆரம்பித்து, 1962-இல் 180, அடுத்து 235. 1964-இல் பயிற்சிப் பள்ளிகளுக்காக 140. 1967-இல் சக்கரங்கள் உள்ளே மடியும் ஏரோ. இறங்கும்போது சக்கரத்தை இறக்க விமானி மறந்தாலும், வேகம் குறைந்தால் தானாக இறங்கும் ஏற்பாடு அதில் இருந்தது. உடலை நீட்டி ஆறு பேர் உட்கார வைத்தால் செரோக்கி சிக்ஸ். அந்தச் சிக்ஸின் மூக்கு என்ஜினை அப்படியே விட்டுவிட்டு இறக்கைக்கு ஒன்றாக இரண்டு என்ஜின் மாட்டி, மூன்று என்ஜினோடும் பறக்க விட்டுப் பார்த்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் இரட்டை என்ஜின் செனெக்கா. 1970-களில் வாரியர் மாடலிலிருந்து இறக்கையின் வெளிப்பாதி குறுகலாக மாறியது. பிரேசிலில் எம்ப்ரேயர் நிறுவனம் உரிமம் வாங்கி இதே விமானங்களை வேறு பெயர்களில் செய்தது. பைப்பர் 1991-இல் திவாலாகி மறுபடி எழுந்த பிறகும் இந்தக் குடும்பத்தின் ஆர்ச்சர் மாடல் தொடர்ந்தது. இன்றும் வீரோ பீச்சில் செய்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு, என் தொழில் காரணமாக அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2018 ஏப்ரலில் ஃப்ளோரிடாவின் டேட்டோனா பீச்சில் எம்ப்ரி-ரிடில் பல்கலைக்கழகத்தின் ஏரோ ஒன்று, ஓடுபாதையைத் தொட்டு மறுபடி மேலேறும்போது இடது இறக்கை கழன்று விழுந்தது. மாணவரும் தேர்வாளரும் இறந்தார்கள். அது பழைய விமானம் இல்லை, 2007-இல் செய்தது. இறக்கையின் முக்கிய உத்திரத்தை உடலோடு பிணைக்கும் போல்ட் துளை ஒன்றில் உலோகச் சோர்வால் விரிசல் வந்திருந்தது. அதே பள்ளியின் வேறொரு விமானத்திலும் விரிசல் கண்டுபிடிக்கப்பட்டது. 1987-இல் டெக்ஸாஸில், குழாய்த்தடத்தைக் கண்காணிக்கத் தாழப் பறந்த ஒரு செரோக்கியின் இறக்கையும் இப்படித்தான் போனது. அப்போது வந்த ஆய்வு உத்தரவு பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது. அதை விலக்காமல் இருந்திருக்கலாம் என்பது என் கருத்து.

டேட்டோனா பீச் விபத்துக்குப் பிறகு, இரண்டாவது உத்தரவை அமெரிக்க விமானத்துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.ஏ.ஏ. 2020 கடைசியில் இறுதி செய்தது. போல்ட்டைக் கழற்றி, துளைக்குள் எடி கரன்ட் கருவியை (உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி விரிசலைக் காட்டுவது) விட்டு விரிசல் தேட வேண்டும். எந்த விமானத்துக்கு எப்போது என்று முடிவு செய்த விதம் மிகவும் யோசித்துச் செய்தது. கட்டணத்துக்கு ஆள் ஏற்றவும் பயிற்சிக்கும் ஓடும் விமானங்களுக்கு 100 மணிக்கு ஒருமுறை ஆய்வு கட்டாயம். ஆகவே பதிவேட்டில் அந்த ஆய்வுகளை எண்ணினாலே அது எவ்வளவு அடிபட்டது என்று தெரிந்துவிடும். ஓர் ஆய்வுக்கு 100 என்று அந்த மணிகள் முழுதாகக் கணக்கில் வரும். சொந்த உபயோகத்தில் பறந்த மணிகளைப் பதினேழால் வகுப்பார்கள். கூட்டுத்தொகை 5000-ஐத் தொட்டால் துளையைச் சோதித்தாக வேண்டும். ஏரோ, சிக்ஸ் என்று பல மாடல்களுக்கு ஒரே உத்தரவு, ஏனென்றால் எல்லாவற்றிலும் இருப்பது அதே அல்லது அதை ஒத்த உத்திர வடிவமைப்பு. வடிவத்தை மாற்றாமல் பல விமானம் செய்த சிக்கனத்துக்கு இதுவும் ஒரு விலை.

பழைய செரோக்கிகள் இன்றும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. வாங்குகிறவர்கள் பெயின்ட்டையும் ரேடியோவையும் பார்க்கிறார்கள், பதிவேட்டில் 100 மணி ஆய்வுகளை எண்ணுவதில்லை. தொடரின் அடுத்த பகுதியில் செரோக்கிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒதுக்கினால் இந்தக் கணக்கையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருச்சி