கதை சொல்வது மனிதர்தான்: எங்கள் சந்தாதாரர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்கும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

எங்கள் குழந்தைகள் ஒலிக்கதை ஆப்பில் கொழுக்கட்டைக் கதை வெளியான வாரத்திலிருந்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி எங்களுக்கும் வந்து சேர்ந்தது. "இப்போது கதை சொல்வது ஆள் இல்லை, ஏஐ. கதையத்தையின் பழைய பதிவுகளைக் கொடுத்து மெஷினைப் பேச வைக்கிறார்கள்" என்கிறது அது. கதையத்தை என்பவர் முன்பு எங்களுக்குக் கதை சொல்லிவந்தவர். கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதினோம். எங்கள் பதிலைவிடச் செய்தி வேகமாகப் போகிறது. அதனால்தான் எல்லோருக்குமாக இந்த மடல். எங்கள் கதைகளில் ஒரு வரிகூட இயந்திரம் பேசியது கிடையாது.

கதையத்தை விலகியது உண்மை. மகள் குடும்பத்தோடு இருப்பதற்காக ஊர் மாறிவிட்டார். அவர் போன சமயத்தில் ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கும் ஒருவர் எங்களுக்கு யோசனை சொன்னார்: "இவ்வளவு பதிவு கையில் இருக்கிறதே, அந்தக் குரலிலேயே புதுக் கதை செய்துவிடலாம், செலவும் மிச்சம்." செய்திருக்க முடியும். இன்றைக்கு அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஆனால் அத்தை சொல்லாத கதையை அத்தை சொன்னதாக நாலு வயதுக் குழந்தையை நம்ப வைத்து, அதற்கு உங்களிடம் காசும் வாங்குவதா? கேட்ட அன்றே முடியாது என்று சொல்லிவிட்டோம். எதை வேண்டாமென்று ஒதுக்கினோமோ அதையே செய்தோம் என்று பேச்சு வருகிறது. இந்தத் தொழிலில் நஷ்டம் வந்திருக்கிறது, கிண்டல் வந்திருக்கிறது. எதுவும் இவ்வளவு வலித்ததில்லை.

இப்போது கதை சொல்பவர் ஒரு நாடகக் கலைஞர். பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக் கொடுப்பவர். ஒரே சொல் திரும்பத் திரும்ப அச்சில் வார்த்த மாதிரி ஒலிக்கிறது, அதனால் மெஷின்தான் என்பது அந்தச் செய்தி காட்டும் ஆதாரம். கொழுக்கட்டைக் கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாமியார் வீட்டில் தின்ற பலகாரத்தின் பேர் மறந்துவிடக் கூடாது என்று ஒருவன் 'கொழுக்கட்டை, கொழுக்கட்டை' என்று சொல்லிக்கொண்டே நடக்கிறான். வாய்க்காலைத் தாண்டும்போது 'அத்திரிபாச்சா' என்று குதிக்கிறான். அப்புறம் வீடு வரைக்கும் வாயில் அத்திரிபாச்சாதான். முதல் சொல் நடையின் தாளத்தில் பிசகாமல் வந்துகொண்டே இருந்தால்தான், அது மாறும் இடத்தில் குழந்தை சிரிக்கும். அந்தத் தாளத்துக்காக அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் மைக்கில் விழாமல் இருக்க மடித்த போர்வை மேல் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டு சொன்னார். மெஷின் என்று சொல்லப்படுவது அவருடைய உழைப்பு. அந்தச் செய்தியை அவரும் கேட்டுவிட்டார் என்பதால் இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறோம்.

ஒலி முன்னைவிடத் துல்லியமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. முன்பு எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் பதிவு. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, சுவரோரம் மெத்தைகளை நிமிர்த்தி வைத்துப் பேசுவோம். அப்படியும் காக்கை கரைவதும் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கியும் உள்ளே வந்துவிடும். இப்போது வாடகை ஸ்டுடியோவில் பதிவு செய்கிறோம். வெளிச்சத்தம் இல்லை, அவ்வளவுதான். மூச்சு வாங்கும் சத்தத்தைக்கூட நாங்கள் வெட்டுவதில்லை. சந்தேகம் இருப்பவர்களுக்காகக் கொழுக்கட்டைக் கதையின் எடிட் செய்யாத பதிவை முழுசாக ஆப்பில் வைத்திருக்கிறோம். சந்தா இல்லாதவர்களும் கேட்கலாம். நடுவில் இருமல் வந்து நிறுத்துவது, வரி மறந்து சிரிப்பது, தண்ணீர் குடிப்பது எல்லாம் அப்படியே இருக்கின்றன.

கோபப்பட்டுக் கேட்ட பெற்றோர்கள் மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. நாங்கள் தொடங்கிய காலத்தில் பெற்றோர் கேட்டதெல்லாம் 'மொத்தம் எத்தனை கதை' என்பதுதான். இப்போது கேட்பது வேறு. நடுவில் விளம்பரம் வருமா, ஒரு கதை முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுமா, பிள்ளையின் விவரம் யாருக்குப் போகிறது, ராட்சசன் என்றாலே கறுப்பு என்று சொல்வீர்களா? இவ்வளவு கேட்டுவிட்டுத்தான் சந்தா கட்டுகிறார்கள். சரியாகத்தான் கேட்கிறார்கள். குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் திரட்டிய புகாரில் கூகுளும் யூடியூபும் 2019-இல் அமெரிக்காவில் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அதன் பிறகு, 2020 ஜனவரியில்தான் யூடியூபில் குழந்தைகளுக்கான வீடியோக்களில் பார்ப்பவரைத் தெரிந்துகொண்டு போடும் விளம்பரங்கள் நின்றன. நம் நாட்டில் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. எங்கள் ஆப் பிள்ளையின் பேரைக்கூடக் கேட்பதில்லை. கதை முடிந்தால் முடிந்ததுதான், அடுத்தது தானாக ஓடாது.

நல்ல விஷயம் சொல்லும் கதை என்றால் கடைசியில் ஒரு நீதியை ஒட்டிவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. கொழுக்கட்டைக் கதையில் என்ன நீதி இருக்கிறது? ஆனால் நாம் கேட்டு வளர்ந்த வடிவத்தில் அவன் மனைவியை அடிக்கிறான். அவள் கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கிறதே என்று யாரோ சொல்ல, அவனுக்குப் பேர் ஞாபகம் வருகிறது. ஒரு பெண் அடிவாங்குவதைக் கேட்டுச் சிரிக்கப் பிள்ளைகளைப் பழக்க எங்களுக்கு விருப்பம் இல்லை. எங்கள் கதையில் அவனே நிலைப்படியில் முட்டிக்கொள்கிறான், வீக்கம் அவன் நெற்றியில். பிள்ளைகள் அதே அளவுக்குச் சிரிக்கிறார்கள். பழைய கதையை மாற்றலாமா என்று சில பெரியவர்கள் கேட்டிருந்தார்கள். வாய்வழியாக வந்த கதை, சொல்பவர் வாயில் மாறித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

ஊட்டச்சத்து பானம் விற்கும் ஒரு நிறுவனம் செலவு முழுவதையும் ஏற்க முன்வந்தது. கதையில் வரும் பையன் ஓடி ஜெயிப்பதற்கு முன் அவர்கள் பானத்தைக் குடிக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. எங்கள் பையன் கம்மங்கூழ் குடித்துவிட்டுத்தான் ஓடுகிறான். பணம் கொடுக்க முடியாத வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லாப நோக்கமற்ற பதிப்பகமான ப்ரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் 2015 முதல் கதைகள், யாரும் இலவசமாகப் படிக்கவும் பகிரவும் கூடிய திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, தமிழிலும் உண்டு. அதைப் போட்டியாக நாங்கள் நினைத்ததே இல்லை. கேட்பவர்களுக்கு நாங்களே சொல்லி அனுப்புகிறோம்.

விளம்பரம் இல்லை என்றால் நீங்கள் தரும் சந்தாதான் எங்களுக்கு எல்லாம். அதில் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆப் கடைக்கு 15 சதவீதம் போக மிச்சத்தில்தான் கதைசொல்லிக்கும் ஸ்டுடியோவுக்கும் கொடுக்கிறோம். வரும் மாதம் முதல் சந்தா 99 ரூபாயிலிருந்து 149 ஆகிறது, கதை வாரத்துக்கு ஒன்று வரும். தொகை மாறுவதால் தானாகப் பிடித்தம் செய்ய உங்களிடம் மறுபடி ஒப்புதல் கேட்கும். ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்கு அது முடியும்வரை பழைய கட்டணம்தான்.

இந்த வாரங்களில் எங்களுக்காகப் பேசியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அடுக்குமாடிக் குழுவில் தனியாளாக நின்று, "நான் என் பிள்ளையோடு உட்கார்ந்து கேட்கிறேன், இது மனிதக் குரல்தான்" என்று எழுதிய அம்மாவுக்கும், தன் ஊர்ப்பக்கம் சொல்லப்படும் கொழுக்கட்டைக் கதையைத் தானே பேசி அனுப்பிய புதுக்கோட்டைப் பாட்டிக்கும், பார்வையற்ற பிள்ளைகளின் வகுப்பில் எங்கள் கதையைப் போட்டுவிட்டு அவர்கள் கேட்ட கேள்விகளை எழுதி அனுப்பும் ஆசிரியருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. பொதுமுடக்க காலத்தில் சேர்ந்து, பிள்ளை வளர்ந்த பின்னும் சந்தாவை நிறுத்தாமல், "அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டோம்" என்கிற குடும்பங்களும் இருக்கின்றன. உங்களால்தான் இன்னும் விளம்பரம் இல்லாமல் ஓட்டுகிறோம்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை காலைப் பதிவுக்கு, விருப்பப்படும் குடும்பங்கள் ஸ்டுடியோவுக்கு வரலாம். இடம் சின்னது, முன்கூட்டியே ஆப்பில் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், பதிவு ஓடும்போது மட்டும் சத்தம் போடாமல் இருந்தால் போதும். அந்தச் செய்தியை முதலில் அனுப்பியவர் இதைப் படித்தால், அவரும் குடும்பத்தோடு வர வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறோம்.

அன்புடன்,
நிறுவனரும் பதிவுக் குழுவினரும்