தண்ணீர் இருக்கும் இடத்தில் துளை போட விடுங்கள்

மதிப்பிற்குரிய போட்டி விதிமுறைக் குழுவினருக்கு,

வணக்கம். போன ஞாயிறு கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் குட்டையில் நடந்ததை நீங்கள் எல்லோரும் கரையில் நின்று பார்த்தீர்கள். அதனால் முதலிலிருந்து கதை சொல்லப் போவதில்லை. கேட்பது ஒன்றுதான்: ரிமோட் கேடமரான்களில், அதாவது இரட்டை மிதவை வைத்த சின்னப் படகுகளில், மோட்டாரையும் அதன் மின்கருவியையும் குளிர்விக்கும் தண்ணீரைச் சுக்கான் வழியாக எடுக்க அனுமதியுங்கள்.

உங்கள் புது விதி, தண்ணீர் எடுக்கும் துளையை மிதவையின் உள்சுவரில், படகின் பாதி நீளத்தில் வைக்கச் சொல்கிறது. படகு நிற்கும்போது அந்த இடம் தண்ணீருக்குள்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. வேகம் பிடித்ததும் என்ன ஆகிறது? இரண்டு மிதவைகளுக்கு நடுவே காற்று புகுந்து படகைத் தூக்கிவிடுகிறது. பின்பக்கம் கொஞ்சம்தான் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு ஓடும். அப்போது உங்கள் துளை குடிப்பது வெறும் காற்றை. சுக்கான் அப்படியில்லை, அது தண்ணீரில் இல்லாவிட்டால் படகே திரும்பாது. அதன் முன்விளிம்பில், கீழே, சின்னதாக ஒரு துளை இருந்தால் படகின் வேகமே தண்ணீரை உள்ளே தள்ளும், பம்பு வேண்டாம். புரொப்பெல்லருக்கு நேர் பின்னால் நுரைதான் வரும் என்று சுக்கானைச் சற்றே தள்ளி வைக்கிறோம். இதெல்லாம் எங்கள் கண்டுபிடிப்பு அல்ல, கடையில் துளையோடு விற்கிற சாமான்.

என் அக்கா மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். லீவில் கேரட் கழுவும் இடத்தில் கணக்கு எழுதிச் சேர்த்த பணத்தில் 120 ஆம்பியர் ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவி) ஒன்று வாங்கினான். பரிசோதனை மேஜையில் அவன் சுக்கான் துளையை டேப் ஒட்டி அடைக்கச் சொன்னீர்கள். அங்கேயே டிரில்லைக் கையில் கொடுத்து உங்கள் அளவுக்கு மிதவையில் துளைக்க வைத்தீர்கள். சிரிஞ்சில் தண்ணீர் அடித்தீர்கள், படகின் பக்கவாட்டில் உள்ள வெளியேற்றும் குழாயில் வந்தது, சீட்டில் ‘சரி’ என்று எழுதினீர்கள்.

கிளம்பும்போது நூல் மாதிரி பீய்ச்சிய தண்ணீர், நேர் ஓட்டத்தில் சொட்டாகி, இரண்டாம் சுற்றில் நின்றேபோனது. “மாமா, தண்ணி வரல” என்றான். அவன் ரிமோட்டிலிருந்து விரலை எடுப்பதற்குள் மூடியிடுக்கில் புகை. கரைக்கு இழுத்துத் திறந்தால் கெபாசிட்டர்கள் உப்பி வெடித்துக் கிடந்தன. சிலிக்கோன் குழாயைக் கழற்றி உள்ளங்கையில் உதறினான். ஒரு சொட்டு விழவில்லை.

‘இந்தக் குளிருக்குத் தண்ணீர் எதற்கு, தானே ஆறிவிடும்’ என்றார் உங்களில் ஒருவர். குளிர் நமக்குத்தான் ஐயா. மூடி போட்டுச் சுற்றிலும் டேப் ஒட்டிய கூட்டுக்குள் கிடக்கும் ஈ.எஸ்.சி.க்குக் கோத்தகிரி என்ன, கோடம்பாக்கம் என்ன?

தண்ணீர் எடுக்க வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் அடுத்த படகைக் கிழிக்கும் என்பது உங்கள் பயம். நியாயம். தனிக் குழாயைத் தடை செய்யுங்கள், கைதட்டுகிறேன். சுக்கான் எப்படியும் வெளியேதான் இருக்கிறது. துளை போட்டால் அது ஒரு மில்லிமீட்டர்கூட வளராது.

விதி எழுதும் ஆர்வத்தில் பாதியைக் குட்டையிலும் காட்டியிருக்கலாம். சில்வர் ஓக் இலையையும் பாசியையும் அள்ள ஒரு வலை இல்லை. கவிழ்ந்த படகை எடுக்க ஒரு பரிசல் இல்லை. கோப்பை மட்டும் இடுப்பு உயரம். கீழேயிருந்து வருகிறவர்கள் மலையேற இ-பாஸ் எடுக்கிறார்கள்; வந்து சேர்ந்தால் தண்ணீர் மோட்டாருக்குப் போகவும் உங்களிடம் பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும், பேச்சு எங்கோ போகிறது.

அடுத்த போட்டிக்கு முன் விதியைத் திருத்தி, சுக்கான் வழித் தண்ணீரை அனுமதிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நம்பிக்கை இல்லையென்றால் ஒருநாள் காலையில் குட்டைக்கு வாருங்கள். ஒரே படகில் இரண்டு துளையும் வைத்து, தனித்தனிக் குழாய் விட்டு, முழு வேகத்தில் ஓட்டிக் காட்டுகிறோம். டீ எங்கள் செலவு. சிரிஞ்சை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கருகிய ஈ.எஸ்.சி.யை இன்னும் தூக்கிப் போடாத ஒரு தாய்மாமன்