பூங்காவை நடத்த ஒரு பட்டம்: பாடத்திட்டக் குழுக்களுக்குத் திறந்த மடல்

தமிழகப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுவினருக்கு வணக்கம்.

தோட்டக்கலைக்குப் பட்டம் உண்டு. உடற்கல்விக்கும் சுற்றுலாவுக்கும் உண்டு. நகராட்சிப் பூங்காவை நடத்தத்தான் யாரும் படித்து வருவதில்லை. நிலத்துக்கு வழியிருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டை ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலமாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித்தர வேண்டும் என்பது விதி. வேலியும் பெயர்ப்பலகையும் வைத்தபின் அந்த நிலத்தை என்ன செய்வது என்பதற்குத்தான் படிப்பு வேண்டும்.

பூங்கா, பொழுதுபோக்கு மேலாண்மையில் இளநிலைப் பட்டம் தொடங்கினால், மற்ற துறைகளின் தாள்களை வெட்டி ஒட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் கிடைக்க, மாணவர் 400 மணி நேரமாவது களத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். நாளுக்கு 8 மணி என்றால் 50 நாள். அங்கே அதைப் பெரும்பாலும் ஒரே மூச்சில் முடிப்பார்கள். இங்கே இரண்டாகப் பிரிப்பதே சரி என்பது எங்கள் கருத்து. பாதி மே மாதத்தில், பள்ளி விடுமுறைக் கூட்டத்தோடு. மீதி ஐப்பசி மழையில், வடிகால் அடைத்துக் கிளை முறியும்போது. ஒரு பருவத்தை மட்டும் பார்த்தவருக்குப் பாதிப் பூங்காதான் தெரியும்.

விளையாட்டுக் கருவிகளுக்குத் தனித் தாள் வேண்டும், செய்முறைத் தேர்வோடு. ஊஞ்சலையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேட்டின்படி, சங்கிலி தொங்கும் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் முன்னும் பின்னும் வெறுமையாக இருக்க வேண்டும். 8 அடி உயரமென்றால் 16 அடி முன்னால், 16 அடி பின்னால். நம் பூங்காக்களில் அந்த இடத்தில் நடைபாதையின் சிமெண்டு விளிம்பு இருக்கும். கருவிக்கு அடியில் கொட்டும் 9 அங்குல ஆழ மணல் 4 அடி உயர வீழ்ச்சிக்குத்தான் தாங்கும். அதே ஆழத்தில் மரச்சில்லு 10 அடிக்குத் தாங்கும். இவ்விரண்டில் எதைக் கொட்டினாலும் கால்பங்கு அமுங்கிவிடும் என்பதால் 9 அங்குலம் நிற்க 12 அங்குலம் கொட்ட வேண்டும். ஊஞ்சலுக்கு நேர் கீழே குழந்தைகள் காலை உரசி உரசிக் குழி விழும். அடி அதிகம் படுகிற இடமும் அதுதான். வாரம் ஒருமுறை அங்கே அளவுகோலைக் குத்திப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். கம்பி இடைவெளி மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்டிருந்தால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். சங்கிலிக் கொக்கியின் வாயில் 1 மில்லிமீட்டருக்கு மேல் திறப்பிருந்தால், துணி சிக்கும். இவற்றை ஒப்பந்தப்புள்ளியில் எண்ணாக எழுதத் தெரிய வேண்டும். 'தரமான கருவிகள்' என்று எழுதினால் ஒப்பந்ததாரர் எதையும் நட்டுவிட்டுப் போகலாம்.

யார் எப்போது வருகிறார்கள் என்று எண்ணுவதும் பாடமே. இரண்டு வேலைநாள், ஒரு ஞாயிறு, மணிக்கு ஒருமுறை தலை எண்ணினால், நடைப்பயிற்சிக்காரர்கள் வராத மாலை நேரத்தில் பெண்களுக்கு இறகுப்பந்துக் களம் ஒதுக்கலாமா என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக, பட்டத்தின் பெயர். பணி விதிகளில் இல்லாத பெயரை வைத்துவிட்டுப் பிறகு சமநிலை அரசாணைக்கு, அதாவது விதியில் உள்ள பட்டத்துக்கு இது இணையானது என்ற அரசு உத்தரவுக்கு, அலைய வேண்டாம். அரசாணை வருவதற்குள் முதல் அணி மாணவர்களின் வேலை விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும். சேர்க்கை அறிவிப்புக்கு முன்பே நகராட்சி நிர்வாகத் துறையோடு பேசி, எந்தப் பணியிடத்துக்கு இது தகுதி என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
பூங்காப் பராமரிப்பில் உள்ளவர்கள்