கப்பலை ‘அவள்’ என்று எழுதலாமா?

சுங்கை சிப்புட்

அன்பு மகளுக்கு,

நீ தமிழாக்கும் ஆங்கிலக் கடல்கதையில் கப்பலுக்கு வரும் ‘ஷீ’யை ‘அவள்’ என்றே எழுதலாமா என்று கேட்டிருந்தாய். பெரும்பாலான இடங்களில் வேண்டாம்மா.

பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு இலக்கணப் பால் இருந்தது. அப்போதும் கப்பல் என்ற சொல் ஆண்பாலுமில்லை, பெண்பாலுமில்லை. இன்று அந்தப் பாகுபாடே போய்விட்டதால், ‘ஷீ’ என்பது மாலுமியின் பாசமும் பழக்கமும்தான். லாயிட்ஸ் லிஸ்ட் என்ற கப்பல்துறைச் செய்தித்தாள் 2002இல் ‘இட்’டுக்கு மாறியபோது எந்த இலக்கணமும் குறுக்கே நிற்கவில்லை. ஜெர்மனில் அப்படி முடியாது. அங்கே பி.எம்.டபிள்யூ கார் ஆண்பால், அதே கம்பெனி மோட்டார் சைக்கிள் பெண்பால்.

தமிழில் பொருள் அஃறிணை. ஆனாலும் உவப்பு (மகிழ்ச்சி), உயர்வு, சிறப்பு, செறல் (கோபம்), இழிப்பு என்ற ஐந்தால் திணையும் பாலும் மாறிவந்தால் குற்றமில்லை என்கிறது நன்னூல். பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்பது உவப்பு. பட்டறையில் “இந்த நட்டக் கழட்டினா இவரு வெளிய வந்துருவாரு” என்பதையும், ஸ்டார்ட் ஆகாத மோட்டாரை “இவன் ஏன் இப்படிப் பண்றான்” என்று திட்டுவதையும் நீயே கேட்டிருப்பாய். பெண்பால்தான் வரவேண்டும் என்று நமக்கு வழக்கமில்லை. பாசம் மிகுந்தால் திணை கீழேயும் இறங்கும்: “பிள்ள தூங்குது”. எவ்வளவு அழகான வழக்கு!

மலாய் மொழியில் ‘டியா’ ஒன்றே ஆணுக்கும் பெண்ணுக்கும் போதும், வினையும் மாறாது. தமிழில் பால் வினைமுற்றில் உட்கார்ந்திருக்கிறது. ‘ஷீ’யை மட்டும் மாற்றிவிட்டு வினையை விட்டால் ‘அவள் துறைமுகம் வந்தது’ என்று நிற்கும். இந்தப் பிழைதான் அடிக்கடி நேர்கிறது.

முதலில் கதைசொல்லியின் வாக்கியங்களை எல்லாம் ‘கப்பல்’, ‘அது’ என்றே முடி. பிறகு பாத்திரங்கள் பேசும் இடங்களை மட்டும் எடுத்து, அங்கே அந்த ஐந்தில் எது இருக்கிறது என்று பார். புயல் தணிந்ததும் கேப்டன் உருகிச் சொல்வதை “மகராசி, தாங்கிட்டா!” என்று எழுது. ‘மகராசி’யும் வினையின் விகுதியுமே போதும், ‘அவள்’ தேவைப்படாது. வெறும் தகவலாக “ஷீ சாங்க்” என்றால் ‘மூழ்கிவிட்டது’, அவ்வளவுதான்.

அந்த அத்தியாயத்தில் ஒரு பெண் பயணியும் இருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அங்கே ‘அவள் சாய்ந்தாள்’ என்று வந்தால் வாசகர் அந்தப் பெண்ணைத்தான் நினைப்பார். கப்பலைப் பெயர் சொல்லியே எழுது.

அன்புடன்,
அப்பா