கதையைச் சுற்றி எழுது

அன்புள்ள தங்கச்சி,

ஒரு தாய் மூதூர் லோஞ்சில் (பயணிகள் படகில்) ஏறும் உன் கதையின் முதல் வரியையே எழுதி எழுதி அழிப்பதாகச் சொல்லியிருந்தாய். சரி, கொஞ்ச நாளைக்கு அந்தக் கதையை எழுதாதே. எழுதுவதை மட்டும் விட்டுவிடாதே. யாருக்கும் காட்டாத ஒரு தனிக் கொப்பியில் கதையைச் சுற்றி எழுது.

பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்து, கை நிற்காமல் எழுது. பிழை திருத்தாதே. ஒன்றும் வராவிட்டால் 'ஒன்றும் வரவில்லை' என்றே எழுதிக்கொண்டு போ. பீட்டர் எல்போ என்ற அமெரிக்க ஆசிரியர் 1973இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். எழுதும்போதே திருத்தப் போனால் இரண்டும் ஒன்றையொன்று முடக்கும் என்பது அவர் வாதம். உனக்கு நடப்பதும் அதுதான். அலாரம் அடித்ததும் வாசித்துப் பார். உயிருள்ள ஒரு வரி எங்காவது இருக்கும். அதற்குக் கீழே கோடு போட்டு, அந்த வரியிலிருந்தே அடுத்த பத்து நிமிடத்தைத் தொடங்கு. இதைச் செய்யும்போதெல்லாம், ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும் நம் அந்தாதிதான் எனக்கு நினைவுக்கு வரும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. உதடு ஒட்டாமல் பாடுகிற நிரோட்டகத்தைப் படித்திருப்பாய். நம் புலவர்கள் முழு அந்தாதியையே அப்படிப் பாடியிருக்கிறார்கள். நீ உரைநடையில் அரைப் பக்கம் முயன்று பார்: ப, ம, வ எழுத்துகள் வரக்கூடாது. 'அம்மா' போய்விடும். 'அவள்' போய்விடும். 'படகு', 'மூதூர்' எதுவும் மிஞ்சாது. கடல், காற்று, நனைந்த சேலை, நடுங்கிய கை என்று தேடித்தான் எழுதவேண்டியிருக்கும். நீ அனுப்பிய பக்கங்களில் அந்தத் தாயை நான் இன்னும் கண்ணால் காணவில்லை, 'அம்மா' என்ற சொல்லைத்தான் காண்கிறேன். இந்தத் தடை இருந்தால் நீ அவளை உற்றுப் பார்த்தே ஆகவேண்டும்.

அப்புறம், உன் கதையில் லோஞ்ச் புறப்படுகிற அந்த இறங்குதுறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, காதில் விழுவதை மட்டும் எழுது. கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலையையும், அங்கே பாறைப் பிளவாக இருக்கும் இராவணன் வெட்டையும் விட்டுவிடு, அவற்றை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

பெரும்பாலான பக்கங்கள் கதைக்கு உதவாது. அதற்காக மனம் நோகாதே. கதை கூப்பிடுகிற அன்றைக்குப் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடு. பயிற்சிக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறவர்களும் உண்டு, நீ அப்படி ஆகிவிடக்கூடாது.

அடுத்த போயாவுக்கு, பௌர்ணமி விடுமுறைக்கு, வீட்டுக்கு வா. கொப்பியைக் கேட்கமாட்டேன். கோடு போட்ட வரிகளில் ஒன்றை மட்டும் வாசித்துக் காட்டு. அந்தத் தாய் லோஞ்சில் ஏறும் இடமாக இருந்தால் இன்னும் சந்தோஷம்.

அன்புடன்,
அக்கா
திருகோணமலை