ஒரு எழுத்துத்தான் வித்தியாசம்

புதுக்குடியிருப்பு.

அன்புள்ள பிள்ளைக்கு,

இஞ்சை எல்லாரும் சுகம். வட்டாப்பளைப் பொங்கலுக்கு அம்மா நடந்தே போட்டு வந்தவ, கால் வீக்கம் இப்பதான் வத்துது. மிச்சப் புதினம் தம்பி சொல்லியிருப்பான். அவனோடைதானே கதைக்கிறனீ.

உன்ரை லப்டொப் கறுப்புத் திரையோடை நிக்குதாம், எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு லினக்ஸைப் புதுசாப் போடப்போறியாம் எண்டு அவன்தான் சொன்னவன். நாள் முழுக்கப் பெட்டி கழட்டுற அப்பனிட்டை ஒரு வார்த்தை கேக்க உனக்கு மனம் வரேல்லை. அது கிடக்கட்டும். இதை வாசிச்சு முடியுமட்டும் ஒண்டையும் அமத்தாதை.

முதல், அழிக்கத்தான் வேணுமோ எண்டு பார். திரையிலை இனிட்ராம்எஃப்எஸ் எண்டு எழுதிக்கொண்டு நிண்டால் ஃபைல் சிஸ்டம் குழம்பியிருக்கு. அந்த இடத்திலையே அதைத் திருத்துற எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டினால் பெரும்பாலும் எழும்பும். மவுஸ் அம்பு மட்டும் தெரிஞ்சால் இடம் நிரம்பியிருக்கும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூண்டையும் ஒண்டா அமத்தி, எழுத்துத் திரையிலை லொகின் பண்ணி, டிஎஃப் ஹைபன் எச் அடி. 100 வீதம் எண்டு காட்டினால் பழைய கேர்னல்களையும் ஜேர்னல் லொக்கையும் துடைச்சாப் போதும். ஆனால் ஒரு ஃபைல் திறக்கவே நிமிசக்கணக்கா இழுக்குதெண்டால் எஃப்எஸ்சிகே பக்கமே போகாதை. சாகக் கிடக்கிற டிஸ்கிலை எழுதினால் மிஞ்சினதும் போகும். டிடிரெஸ்கியூவாலை முழுசையும் இன்னொரு டிஸ்குக்கு இமேஜா எடுத்துப்போட்டு, அந்த இமேஜிலைதான் வேலை.

சரிவராட்டி லினக்ஸ் மின்ற் 22 இறக்கு. 3 ஜிபிக்குக் கிட்ட வரும், 8 ஜிபி பென்டிரைவ் காணும். இறக்கினதுக்கு எஸ்எச்ஏ256 எண்ட சரிபார்ப்பு இலக்கம் எடுத்து, இறக்கின தளத்திலை போட்டிருக்கிறதோடை ஒப்பிடு. பாதியிலை அறுந்த ஃபைலும் முழுசு மாதிரித்தான் இருக்கும், இன்ஸ்டோல் நடுவிலைதான் காலை வாரும். பென்டிரைவிலை எழுத முதல், பூட்டியிருக்கிற டிஸ்கெல்லாத்தையும் காட்டுற எல்எஸ்பிஎல்கே அடி. எது எஸ்டிஏ, எது எஸ்டிபி எண்டு பேரை நம்பாதை, அளவைப் பார். 1 டிபி டிஸ்க் 931.5ஜி எண்டு காட்டும், 8 ஜிபி பென்டிரைவ் ஏழரைக்குக் கிட்ட. பூட்டிற ஒழுங்கு மாறினால் பேரும் மாறும்.

பிறகு இன்ஸ்டோல் எண்ட ஐகனைத் தொடாமல், பென்டிரைவிலையிருந்து எழும்பிற லைவ் திரையிலை நிண்டுகொண்டு உன்ரை ஹோம் ஃபோல்டரை வெளி டிஸ்குக்கு எடு. அந்த டிஸ்க் எக்ஸ்ஃபாட் எண்டால் உரிமை, அனுமதி ஒண்டும் தங்காது, ஃபோமற் பண்ணி ஈஎக்ஸ்டி4 ஆக்கு. ஆக்க முதல் எல்எஸ்பிஎல்கே. இழுத்துப் போடாதை, கொப்பி பண்ணுற ஆர்சிங்க் கட்டளையைப் பாவி, ஹைபன் ஏ போட்டு. மூலத்தின்ரை கடைசியிலை ஸ்லாஷ் வச்சால் உள்ளுக்கிருக்கிறது மட்டும் போகும், வைக்காட்டி ஃபோல்டரோடை போகும். டிலீற் எண்ட சொல்லை மட்டும் சேர்க்காதை. மூலமும் இலக்கும் இடம் மாறினால், வெறும் ஃபோல்டரைப் பார்த்து நிறைஞ்சதையும் வெறுமையாக்கிப்போடும்.

புள்ளியிலை தொடங்கிற ஃபோல்டர்களை ஆக்கள் மறக்கிறது வழமை. கன்ட்ரோல் எச் அமத்து, தெரியும். ஃபயர்ஃபொக்ஸ் பாஸ்வேட்டுக்கு லொகின்ஸ் ஃபைல் மட்டும் காணாது, பக்கத்திலை கிடக்கிற கீ4 ஃபைலும் வேணும். ரெண்டிலை ஒண்டு இல்லாட்டி மற்றது பூட்டில்லாத திறப்புத்தான். வேறை மெஷினுக்குள்ளை போற எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு அனுமதி இலக்கம் 700, உள்ளுக்குத் தனித் திறப்பு ஃபைலுக்கு 600. கூட இருந்தால் 'அனுமதி அகலமாக் கிடக்கு' எண்டு மறிக்கும். எழுத்துரு ஃபோல்டரையும் எடு. அம்மா உனக்கெண்டு சொல்ல நான் அடிச்ச கடிதமெல்லாம் பாமினியிலைதான். அந்த எழுத்துரு இல்லாட்டி 'அம்மா' எண்டதும் அரைப்புள்ளியோடை இங்கிலீஸ் எழுத்தாத்தான் தெரியும். பழுதாப் போச்சுதெண்டு அழிச்சுப் போடாதை.

கொப்பி முடிஞ்சதும் அதே கட்டளையை ஹைபன் என், ஹைபன் சி, ஹைபன் ஐ சேர்த்து இன்னொருக்கா ஓட்டு. ஒண்டையும் எழுதாமல் ரெண்டு பக்கத்தையும் ஒப்பிடும். ஒரு ஃபைல் பேரும் வரப்படாது. பிறகு வெளி டிஸ்கைக் கழட்டி அலுமாரிக்குள்ளை வை. இன்ஸ்டோல் பண்ணேக்கை அது பூட்டியிருக்கவே கூடாது. இன்ஸ்டோலிலை 'வேறு ஏதாவது' எண்டதை எடுத்து, சிஸ்டம் இருக்கிற ரூட்டுக்கு மட்டும் ஃபோமற் குத்து. மெஷின் எழும்பத் தேவையான ஈஎஃப்ஐ 500 எம்பித் துண்டைத் தொடாதை. பழைய பேரையே போடு, முதல் ஆளுக்கு 1000 எண்ட இலக்கம்தான் வரும், திருப்பிப் போட்டதெல்லாம் பொருந்தும். இதெல்லாம் உனக்குத் தெரியும். 12 வயதிலை, கடையிலை கிடந்த உபுண்டு சீடியை எடுத்து, என்னைக் கேளாமலே போட்டுக் காட்டின பிள்ளை நீ. வாற போற எல்லாருக்கும் சொல்லுவன். அண்டைக்கும் கேளாமல்தான்.

எழுத முதல் எல்எஸ்பிஎல்கே பார். அளவைப் பார், மொடல் பேரைப் பார்.

அந்தக் கறுத்த வெளி டிஸ்க் தானாப் பழுதாகேல்லை பிள்ளை. உங்கள் எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னனான். ஒரு பொடியன்ரை மெஷினுக்குப் பென்டிரைவ் எழுத டிடி எண்ட கட்டளை அடிச்சனான். முதல் நாள் பென்டிரைவ் எஸ்டிபி. அண்டைக்கு டிஸ்க்தான் எஸ்டிபி. எங்கை எழுதிறதெண்டு சொல்லுற ஓஎஃப்புக்குப் பிறகு ஒரு எழுத்து. டிடி ஒண்டையும் கேக்காது. டிஸ்கின்ரை நீல லைற் விடாமல் மின்னுறதைக் கண்டுதான் வயரை இழுத்தனான். தலைப்பக்கம் போட்டுது. அழிஞ்ச படங்களைத் தேடி எடுக்கிற ஃபோட்டோரெக் ரெண்டு இரவு ஓடினது. எஃப் எழுத்தும் இலக்கமும் மட்டும் பேரா, ஆயிரக்கணக்கிலை படம் வந்தது. கடையைப் பூட்டிப்போட்டு ஒவ்வொண்டாப் பார்த்தன். உன்ரை சாமத்தியவீடு வந்தது, மாமா வீட்டுக் கிணறு வந்தது. அண்ணா வரேல்லை.

அம்மா இடுப்பிலை கட்டிக்கொண்டு வந்த 11 படமும் செட்டிகுளம் முகாமிலை ஈரம்பட்டு ஒட்டினதும், நீ பிரிச்சு ஸ்கேன் பண்ணின பிறகு கறையான் தின்டதும் நீ அறிஞ்சதுதானே. அம்மா பெரிசா அடிச்சுப் பிறேம் போடக் கேக்கிறா. ஸ்டூடியோக்காரனுக்கு நேரமில்லை எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன். மே 18 அண்டு நீயும் அதையே கேக்க, கத்திப்போட்டு வச்சனான். உன்னிலை ஒரு பிழையும் இல்லை.

நீ போற அண்டு இரவு அந்தப் படங்களை லப்டொப்புக்கு எடுத்ததைப் பார்த்தனான். 'அண்ணா' எண்ட ஃபோல்டர், பிக்சர்ஸுக்குள்ளை. இப்ப வேறை எங்கையும் இல்லை. லைவ் திரையிலை முதல் வேலையா அதைத் திறந்து எண்ணு. தம்பிக்குச் சொல்லாதை, எனக்கு எடு. 11 எண்டாலும் எடு, 10 எண்டாலும் எடு. இரவு எத்தினை மணியெண்டாலும் போன் தலைமாட்டிலைதான் கிடக்கும்.

அப்பா